மூன்று புள்ளிக்குப் பிறகு

ஜூன் 2

தம்பிக்கு,

இந்தக் கடிதம் எழுதுவது உங்கள் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தால் வீடு ரணகளமாகிவிடும். அதனால் பதிலை வீட்டு முகவரிக்குப் போடாதீர்கள். எதிரே இருக்கும் பட்டன் கடை அக்காவின் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன், அதற்குப் போடுங்கள். போனும் வேண்டாம். என் தையல் மெஷினும் அவருடைய ரேடியோவும் ஒரே அறையில், ஒரே மேஜையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். இங்கே நான் தும்மினால்கூட அவருக்குக் கேட்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தொண்டையில் கட்டி. குரல் கம்மியபோது சளி, சளி என்று மாதக்கணக்கில் மழுப்பினார். இப்போது பரிசோதனை எல்லாம் முடிந்துவிட்டது. குரல்வளையை அப்படியே எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். எடுத்தால் ஆள் பிழைப்பார், பேச்சு போய்விடும். எடுக்காமல் விட்டால் கட்டி கீழே இறங்கிவிடும், அப்புறம் எடுத்தும் பிரயோஜனமில்லை. ஜூலை முதல் வாரத்தைத் தாண்டக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

இவர் மாட்டேன் என்கிறார். அழுது பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். நேற்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "கை போயி மூணு வருஷமாச்சு. வாயும் போச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு?"

கை என்று அவர் சொல்வது, ரேடியோவில் புள்ளியும் கோடுமாகச் செய்தி அடிக்கிற அந்தக் கையை என்று உங்களுக்குத் தெரியும். அதை அடிக்கிற மோர்ஸ் கீக்கு ஸ்பிரிங் மட்டும் மாற்றித் தரச் சொல்லித்தான் உங்களிடம் கொடுத்தார். நீங்கள் அதை முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்தீர்கள். அதில் அடித்தபோது ரேடியோவில் இவரோடு பேசுகிற ஒருத்தருக்கும் இவரை அடையாளம் தெரியவில்லை. இவர் அடித்தால் சில கோடுகள் மட்டும் நீண்டு இழுபடும். அதனால்தான் அத்தனை வருஷமும் இவருக்கு 'இழுவை' என்று பெயர். அப்படிக் கூப்பிட்டவர்களே, 'யாரய்யா நீ, இழுவையின் அழைப்புக்குறியைத் திருடி அடிக்கிறாய்?' என்று கேட்டார்கள். அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் பேசிய பேச்சு இந்தச் சுவருக்கெல்லாம் தெரியும். அன்றைக்கு ரேடியோமேல் போட்ட துணியை அவர் இன்னும் எடுக்கவில்லை.

கீ உங்களிடம்தான் கிடக்கிறது. அதைப் பழையபடி ஆக்கி அனுப்புங்கள். வேறு எதுவும் உங்களிடம் கேட்கவில்லை.

அண்ணி

*

ஜூன் 7

அண்ணி,

உங்கள் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். உள்ளே போய் மறுபடியும் படித்தேன். மாதக்கணக்கில் குரல் கம்மியிருக்கிறது, எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நல்லது.

நான் கிளம்பி வரட்டுமா? லீவு கிடைக்கும்.

கீயைப் பற்றி. அது எப்படி வேலை செய்யும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கட்டை விரலால் தள்ளினால் உள்ளே ஒரு கம்பி ஆடி, புள்ளிகள் தானாக ஓடும். ஆள்காட்டி விரலால் எதிர்ப்பக்கம் தள்ளினால் கோடு. கோடு மட்டும் கைவேலை, பிடிக்கிற அளவுக்கு நீளும். என்னிடம் வந்தபோது அந்தக் கீ இருந்த லட்சணம் உங்களுக்குத் தெரியாது. அச்சு தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தது. தொடுமுனைகள் கறுத்துக் கிடந்தன. நான் ஃபேக்டரியில் கருவி பழுது பார்ப்பவன் அண்ணி, அரைகுறையாக ஒரு சாமானைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வராது. ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதற்கே கொடுத்தேன். அதற்குக் கிடைத்த மரியாதைதான் உங்களுக்குத் தெரியுமே. "என் கையை வெட்டிட்டடா" என்றான். "துருவையெல்லாம் தெறமைன்னு நெனச்சிட்டு இருந்தியா?" என்று நானும் கேட்டேன். கேட்டது கேட்டதுதான்.

தேய்ந்த பித்தளையைப் புதிதாக்கலாம். புதியதைப் பழையபடி தேய்க்க எனக்குத் தெரியாது. ஆனால் கழற்றிய பழைய பாகங்களை நான் தூக்கி எறிவதில்லை. ஸ்பிரிங், அச்சுத் திருகு எல்லாம் ஒரு டப்பாவில் இருக்கின்றன. அவற்றையே மாட்டிப் பார்க்கிறேன்.

வரட்டுமா என்று கேட்டதற்குப் பதில் போடுங்கள்.

தம்பி

*

ஜூன் 11

தம்பிக்கு,

வர வேண்டாம். நீங்கள் வந்து வாசலில் நின்றால், கடைசியாக முகம் பார்க்க வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார். அப்புறம் இருக்கிற கொஞ்சநஞ்சத் தெம்பும் போய்விடும்.

சொல்லவில்லை என்று கோபப்படுகிறீர்கள். மூன்று வருஷமாக இந்த வீட்டில் உங்கள் பேரைச் சொன்னால் சாப்பிடாமல் எழுந்து போகிற மனுஷனோடு நான் குடித்தனம் நடத்துகிறேன். உங்கள் கோபத்துக்கும் சேர்த்து இடம் கொடுக்க என்னால் முடியாது.

எனக்கு மோர்ஸ் தெரியாது. ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் அவர் கை எனக்குத் தெரியும். மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். புள்ளிகள் தடதடவென்று ஓடும், அடுத்து வருகிற கோடு மட்டும் கிளம்ப மனசில்லாதவர் மாதிரி இழுக்கும். மற்ற கோடுகள் ஒழுங்காகத்தான் இருக்கும். அதைக் கேட்டால்தான் எனக்குத் தையல் நேராகப் போகும். இப்போது அறை மொத்தமும் என் மெஷின் சத்தம் மட்டும்தான்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவரே எடுத்து, "யோசிக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் மூச்சு வாங்கினார். சீக்கிரம் அனுப்புங்கள்.

அண்ணி

*

ஜூன் 16

அண்ணி,

பார்சல் தனியாக வருகிறது. பழைய ஸ்பிரிங், பழைய திருகு, எல்லாம் மாட்டிவிட்டேன். மெருகு போக எண்ணெயும் கரியும் தடவித் துடைத்தேன். என் பிழைப்பில் ஒரு நல்ல வேலையை நானே கெடுத்தது இதுதான் முதல் தடவை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மேஜையில் அடித்துப் பார்த்தேன். நீங்கள் சொல்கிற இழுப்பு வரவில்லை. என் கை வேறு, அவன் கை வேறு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவன் கையில் வரலாம். வராவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் முதலில் யாரிடமாவது கொடுத்து அடிக்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்குப் பிறகு அவனிடம் காட்டுங்கள்.

தம்பி

*

ஜூன் 21

தம்பிக்கு,

கடிதத்துக்கெல்லாம் பட்டன் கடை முகவரி போட்டீர்கள். பார்சலுக்கு மட்டும் பழக்கதோஷத்தில் எங்கள் முகவரியை எழுதிவிட்டீர்கள். நான் ஜாக்கெட் கொடுக்கப் போயிருந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வந்திருக்கிறார். உங்கள் கடிதம் எதிர்க்கடையில் கிடக்க, பார்சல் அவர் கைக்கே போய்விட்டது.

நான் திரும்பி வந்தபோது துணியை விலக்கிவிட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துபோனது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "எல்லாம் பழைய சாமான். பத்திரமா வெச்சிருக்கான்" என்றார். குரலில் கோபமே இல்லை. ரேடியோவில் வெளியே போகாமல், அறைக்குள் மட்டும் கேட்கிறபடி வைத்து அடித்தார். நின்று கேட்டேன். இழுப்பு இல்லை. மறுபடி அடித்தார். இல்லை. திருகைத் தளர்த்தினார், இறுக்கினார், கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, தம்பி.

கடைசியில் கீயைத் தள்ளி வைத்தார். "அவன் மேல தப்பில்ல. கீயும் கெட்டுப்போகல. என் கைதான் போயிருக்கு. நோவு முன்னாடியே கையில எறங்கியிருக்கு, நான்தான் அவனத் திட்டிட்டிருந்தேன்" என்றார். மறுபடி துணியைப் போட்டுவிட்டார். இன்று காலை ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்து, வரவில்லை, பேரை அடித்துவிடுங்கள் என்று சொன்னார்.

உங்களிடம் உதவி கேட்டு நான் காரியத்தை இன்னும் கெடுத்துக்கொண்டேன். டாக்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பேரை அடிக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். அளவு மாற்றித் தைத்த ரவிக்கை பிடிக்காமல் போனால், புதிதாகப் போட்ட தையலை நான் பார்க்க மாட்டேன். எதைப் பிரித்து எறிந்தேன் என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்தக் கீயிலிருந்து நீங்கள் எடுத்தது அத்தனையும் எனக்கு எழுதுங்கள். டப்பாவில் போட்டது மட்டும் இல்லை. துடைத்தது, சுரண்டியது, குப்பையில் போட்டது, எல்லாம். ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

அண்ணி

*

ஜூன் 25

அண்ணி,

பார்சலில் முகவரி எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் மேல தப்பில்ல என்று சொன்னான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

எடுத்தவை. ஸ்பிரிங்கும் திருகும் இப்போது திரும்ப மாட்டியாயிற்று. தொடுமுனைகளில் இருந்த கரியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். கரி கோட்டை நீட்டாது, நடுநடுவே சத்தத்தை அறுக்கத்தான் செய்யும். ஒயர் மாற்றினேன், அதுவும் இதற்குச் சம்பந்தமில்லாதது. பீடத்தின் மேலிருந்த சாயத்தைச் சுரண்டிப் புதிதாக அடித்தேன். அடியில் மூன்று ரப்பர் கால்கள், இரண்டு கல் மாதிரி இறுகியிருந்தன, ஒன்று விழுந்தே போயிருந்தது. மூன்றையும் புதிதாகப் போட்டேன். விழுந்த காலின் இடத்தில், கட்டை விரல் தள்ளும் பக்கம், கறுப்பாகப் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. துணியோ அழுக்கோ தெரியாது. டர்ப்பன்டைன் ஊற்றிச் சுரண்டி எறிந்தேன்.

இவ்வளவுதான். இதற்கு மேல் அந்தக் கீயில் எதுவும் இல்லை. இதில் எங்கே போய் அந்த இழுப்பு ஒளிந்திருக்கும் என்று எனக்குப் பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டால் எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால் எழுதவே வேண்டாம், செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். தேதி நெருங்குகிறது.

தம்பி

*

ஜூலை 1

தம்பிக்கு,

அது அழுக்கு இல்லை. அது என் கம்பளி.

உங்கள் கடிதத்தைப் பட்டன் கடை வாசலில் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. தையல் மெஷின் அதிராமல் இருக்க அதன் காலுக்கெல்லாம் கம்பளி அட்டை வெட்டி வைப்பேன், இப்போதும் வைக்கிறேன். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அந்தக் கீ ஒரு பக்கம் கால் இல்லாமல் என் மேஜையைக் கீறிக்கொண்டிருந்தது. மேஜை என் அம்மா கொடுத்தது. மீதமிருந்த கம்பளியில் ஒரு துண்டை இரண்டாக மடித்துப் பசை போட்டு அடியில் ஒட்டிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? அப்புறம் நானே மறந்துபோனேன்.

அன்று மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் உங்கள் புது ரப்பர் காலைக் கத்தியால் நெம்பி எடுத்தேன். கம்பளியை அதே மாதிரி மடித்து ஒட்டினேன். விரலால் தள்ளிப் பார்த்தேன். கட்டை விரலால் தள்ளும்போது அந்தப் பக்கம் கொஞ்சம் அமுங்குகிறது, விட்டதும் மெதுவாக எழுகிறது. அது எழுகிறவரை அடுத்த கோட்டில் விரல் காத்திருக்கும் போலிருக்கிறது. உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.

ஆனால் அவர் தொட வேண்டுமே. எழுந்ததும் ஒரு தடவை அடித்துப் பாருங்கள் என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெஞ்சினால் இன்னும் முறுக்கிக்கொள்வார். அதனால் நானே போய் உட்கார்ந்து கன்னாபின்னாவென்று அடிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பொறுத்தார். அப்புறம் எழுந்து வந்து, "அது ஒண்ணும் கத்திரிக்கோல் இல்ல, தள்ளு" என்று என் கையைத் தட்டிவிட்டார். கோபத்தில் அப்படியே தன் அழைப்புக்குறியை அடித்தார்.

வந்தது தம்பி. புள்ளிகள் ஓடி முடிந்ததும் அந்தக் கோடு இழுத்தது.

கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். பிறகு கீயைத் தூக்கி அடியில் பார்த்தார். குனிந்து என் மெஷினின் காலைப் பார்த்தார். ஊரெல்லாம் மெச்சிய கை, அடியில் நான் மடித்து வைத்த துண்டு என்று தெரிந்தால் மனுஷன் உடைந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"இது நீயா?"

"ஆமா."

"எப்போருந்து?"

"கல்யாணமானதுலேருந்து."

"அப்போ என் கைன்னு சொன்னதெல்லாம்?"

"உங்க கைதான். தம்பி அடிச்சா இது இப்படி வருமா? நான் அடிச்சா வருமா? நான் மேஜைக்குத்தான் வெச்சேன்."

இரவு சாப்பிடாமலே படுத்துவிட்டார். அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுநாள் காலை நான் ஊசி கோத்துக்கொண்டிருக்கும்போது ரேடியோமேல் இருந்த துணியை எடுத்து மடித்து என் மடியில் போட்டார். உட்கார்ந்து அடித்தார். இரண்டாவது தடவை அழைப்புக்குறியை அடித்து முடிப்பதற்குள் எங்கிருந்தோ பதில் வந்தது. கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "இழுவை, இத்தன நாள் எங்கய்யா போயிருந்தேன்னு கேக்கறான்" என்றார். சிரித்தார். சிரிக்கச் சிரிக்க இருமினார். இருமி முடித்து, "ஆஸ்பத்திரிக்குப் போனைப் போடு" என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டார். நாளைக்கு மறுநாள் ஆபரேஷன்.

உங்களிடம் மறைக்க மாட்டேன். போவதற்கு முன்னால், குரல் இருக்கும்போதே தம்பியிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள் என்று போனை நீட்டினேன். நான் உங்களுக்கு எழுதியதையெல்லாம் சொல்லிவிட்டேன். போனையே பார்த்துக்கொண்டு இருந்தார். வாங்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அண்ணி

*

ஜூலை 6

அண்ணி,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று பட்டன் கடை அக்கா போன் செய்தார். யாரென்றே தெரியாத என்னிடம் அவரும் அழுதார், நானும் அழுதேன்.

அந்தக் கம்பளியைப் பற்றி நினைத்து நினைத்து எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. கையில் இருந்ததைச் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அது எங்கே போனது என்று திருகிலும் ஸ்பிரிங்கிலும் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் கைக்கு வருகிறவரை போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஃபேக்டரியிலும் பாக்கெட்டில்தான் இருந்தது. கூப்பிடுவான் என்று நினைத்தேன். நானாவது கூப்பிட்டிருக்கலாம், எண்ணை எடுத்து எடுத்து வைத்தேன். இனி அவன் குரலைக் கேட்க முடியாது. நான் கடைசியாகக் கேட்டது "வெளிய போ" என்பதுதான். அதுவே இருந்துவிட்டுப் போகட்டும், அவன் இருக்கிறானே, அது போதும் என்று சொல்லிப் பார்க்கிறேன். போதவில்லை அண்ணி.

வரட்டுமா என்று இனி கேட்க மாட்டேன். அவன் சொல்லாமல் வரவும் மாட்டேன்.

தம்பி

*

ஜூலை 15

தம்பிக்கு,

நன்றாக இருக்கிறார். குழாய் வழியாகத்தான் ஆகாரம். கழுத்தில் கட்டு. சொல்ல வேண்டியதை ஸ்லேட்டில் எழுதிக் காட்டுகிறார். தலையணை சரியில்லை, நர்ஸ் அதட்டுகிறாள், நீ ஏன் இளைத்துவிட்டாய், இப்படி ஸ்லேட்டை அழித்து அழித்துச் சண்டை போடுகிறார்.

நேற்று, கீயை எடுத்து வா என்று எழுதினார். கூடவே, கீயோடு மாட்டினால் அடிப்பது சத்தமாகக் கேட்கிற சின்னப் பெட்டி ஒன்றையும் கொண்டுவரச் சொன்னார். கட்டில் மேலே தள்ளுகிற சாப்பாட்டுப் பலகையில் வைத்துக் கொடுத்தேன். அடியில் கம்பளி இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

சின்னதாக ஒன்று அடித்தார். அவ்வளவுதான், நாலைந்து எழுத்து இருக்கும். என்னைப் பார்த்தார். என்னவென்று கேட்டேன். ஸ்லேட்டில் எழுதினார்: "உனக்கில்லை. அவனுக்கு." எனக்கு என்ன தெரியும், எழுத்தாக எழுதிக் கொடுங்கள், அனுப்புகிறேன் என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். என் கையில் பென்சிலைக் கொடுத்தார். நிறுத்தி நிறுத்தி மறுபடி அடித்தார், காதில் கேட்டதைக் கேட்டபடி வரைந்துகொண்டேன். தப்பாக வரைந்தபோது பலகையைத் தட்டி அழிக்கச் சொன்னார். சரியாக வந்ததும் கண்ணை மூடிப் படுத்துவிட்டார். நான் எத்தனை கேட்டும் சொல்லவில்லை.

இதுதான். நல்லதா கெட்டதா என்றுகூடத் தெரியாமல் அனுப்புகிறேன். கெட்டதாக இருந்தால் எனக்குச் சொல்லாதீர்கள்.

· · · ————

· —

· —

— · ·

· —

அண்ணி

*

ஜூலை 18

அண்ணி,

மற்ற கோடுகளை எல்லாம் ஒரே அளவில் வரைந்திருக்கிறீர்கள். முதல் வரியில் மூன்று புள்ளிக்குப் பிறகு வருகிற கோட்டை மட்டும் நீட்டி வரைந்திருக்கிறீர்கள். வேண்டுமென்று செய்தீர்களா, காது சொன்னபடி கை போனதா, தெரியாது. அந்தக் கோட்டைப் பார்த்ததுமே எனக்கு அவன் அடிப்பது கேட்டுவிட்டது. ஃபேக்டரியில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டது.

கெட்டது இல்லை அண்ணி. ஐந்து ஆங்கில எழுத்து, ஒரே ஒரு தமிழ் வார்த்தை. "வாடா" என்று அடித்திருக்கிறான்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே நான் அங்கே வந்துவிடுவேன். ஸ்டேஷனில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், வண்டி வந்துவிட்டது.

தம்பி